பேடன்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்

பெங்களூரின் தொழிற்பேட்டையான பீன்யாவில் பட்டறை வைத்திருக்கும் நம்மவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணே, நாங்க செய்யுற சாமானுக்கு வேற யாராவது ஏற்கெனவே பேடன்ட் வாங்கியிருக்காங்களா?" பேடன்ட் என்றால் காப்புரிமை, ஒரு கண்டுபிடிப்பை மற்றவர் செய்யாமல் தடுக்கும் உரிமை. வக்கீலிடம் போவதற்கு முன்பே இதில் பாதி வேலையை நீங்களே முடித்துவிடலாம்.

தேடுவதற்கு கூகுள் பேடன்ட்ஸ், ஐரோப்பிய அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட், நம் அரசின் இன்பாஸ் மூன்றும் இலவசம். பொருளின் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள், அது செய்யும் வேலையைப் போடுங்கள். "எல்இடி விளக்கு" என்றால் ஆயிரக்கணக்கில் கொட்டும். "சூடு ஏறினால் மின்னோட்டத்தைக் குறைக்கும் சுற்று" என்று ஆங்கிலத்தில் அடித்தால் வலை சுருங்கும். பொருத்தமாக ஒன்று கிடைத்ததும் அதன் வகைப்பாட்டு எண்ணை (எந்தத் துறைப் பேடன்ட் என்று காட்டும் குறியீடு) குறித்துக்கொண்டு அதை வைத்து மறுபடி தேடுங்கள். எல்இடி சுற்றுகள் எச்05பி 45-இல் இருக்கும், சிமென்ட், கான்கிரீட் எல்லாம் சி04பி-இல்.

அப்புறம் படிப்பது. முதல் பக்கச் சுருக்கத்தைப் பார்த்துப் பயந்து வேலையைக் கைவிட்டவர்கள் நிறைய. சுருக்கத்துக்குச் சட்ட பலம் கிடையாது. உரிமை முழுக்கக் கடைசியில் வரும் கிளைம்களில்தான் (எது எனக்கு மட்டும் சொந்தம் என்று எண் போட்டுச் சொல்லும் வாக்கியங்கள்) இருக்கிறது. முதல் கிளைமை எடுத்து, ஒவ்வொரு உறுப்பையும் தனி வரியாகத் தாளில் எழுதுங்கள். ஒரு விளக்கின் கிளைம் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: ரெக்டிஃபையர், கெப்பாசிட்டர், மின்னோட்டத்தை அளக்கும் ரெசிஸ்டர், பலகையின் சூட்டை உணரும் தெர்மிஸ்டர். உங்கள் பலகையில் தெர்மிஸ்டரும் இல்லை, அதன் வேலையைச் செய்யும் வேறெதுவும் இல்லை என்றால் அந்தக் கிளைம் உங்களைப் பிடிக்காது. நான்கும் இருந்தால், கூடவே நீங்கள் பத்து உறுப்பு சேர்த்திருந்தாலும் பெரும்பாலும் பிடிக்கும். வேறு கிளைமைச் சாராமல் தனித்து நிற்கும் மற்ற கிளைம்களையும் இதே போல உடைத்துப் பாருங்கள்.

சொந்தமாகப் பேடன்ட் வாங்க நினைக்கும் பிளாக், செங்கல் போடுகிறவர்களுக்கு வேறொரு கவலை. காப்புரிமைச் சட்டம் 1970-இன் பிரிவு 3(இ), வெறும் கலவைக்கு உரிமை தராது. ஃப்ளை ஆஷும் (நிலக்கரிச் சாம்பல்) எம் சாண்டும் (செயற்கை மணல்) சேர்த்து, இரண்டின் குணமும் அப்படியே கூடி வந்தால் போதாது. தனித்தனியாக வராத ஒரு பலன் சேர்க்கையில் வர வேண்டும். அதைக் காட்ட வலிமைச் சோதனை எண்கள் வேண்டும். ஆகவே கான்கிரீட் கட்டியை நசுக்கி வலிமை பார்க்கும் க்யூப் டெஸ்ட் சீட்டு ஒன்றைக்கூடத் தூக்கி எறியாதீர்கள்.

கணித மென்பொருளில் பிரிவு 3(கே) குறுக்கே நிற்கிறது. கணித முறை, அல்காரிதம், வெறும் கணினி நிரல் எதற்கும் இங்கே உரிமை இல்லை. அமெரிக்க ஆராய்ச்சிக் கூடமான பெல் லேப்ஸில் இருந்த கணித அறிஞர் நரேந்திர கர்மார்கரின் லீனியர் புரோகிராமிங் (வரம்புகளுக்குள் மிகச் சிறந்த பங்கீட்டைக் கண்டுபிடிக்கும் கணிதம்) முறைக்கு 1988-இல் அமெரிக்காவில் பேடன்ட் கிடைத்தது. அதுகூட வெறும் சூத்திரமாக அல்ல, வளங்களைப் பங்கிடும் முறையும் கருவியுமாகவே எழுதப்பட்டது. இங்கே உங்கள் நிரல் மோட்டாரின் அதிர்வைக் குறைக்கிறது என்றால், அந்தத் தொழில்நுட்ப விளைவை முன்னால் வைத்து எழுதுங்கள். 2019-இல் ஃபெரித் அல்லானி வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றமும் அந்த விளைவைத்தான் பார்க்கச் சொன்னது.

பழைய பேடன்டைக் கண்டால் சந்தோஷப்படுங்கள். விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு முடிந்தால் அது எல்லாருக்கும் பொது, இலவசப் பாடப்புத்தகம். புதுப்பிப்புக் கட்டணம் கட்டாமல் முன்பே காலாவதியானவையும் உண்டு. இன்பாஸில் நிலையைப் பாருங்கள். அமெரிக்காவில் மட்டும் வாங்கியது இந்தியாவில் செல்லாது, ஆனால் அங்கே ஏற்றுமதி செய்தால் வம்பு.

சரி, உங்களுடையது புதிது என்று தெரிந்துவிட்டால், கண்காட்சியில் வைப்பதற்கும் டீலரிடம் காட்டுவதற்கும் முன்னால் தற்காலிக விண்ணப்பம் போட்டுவிடுங்கள். பெங்களூருக்காரர்கள் சென்னை அலுவலகத்தின் கீழ் வருகிறோம், ஆன்லைனிலேயே போடலாம். தனிநபருக்குக் கட்டணம் 1,600 ரூபாய். முழு விண்ணப்பத்துக்கு 12 மாதம் அவகாசம். தற்காலிகத்தில் கிளைம் எழுதத் தேவையில்லை. ஆனால் படம், அளவு, மாற்று வடிவம் எல்லாவற்றையும் போடுங்கள். அதில் எழுதாததற்கு அந்தத் தற்காலிக விண்ணப்பத்தின் தேதி கிடைக்காது.