பழைய ட்ராக் ஸ்னோ ப்ளோயர் வாங்குகிறீர்களா? முதலில் குனிந்து பாருங்கள்

விற்பவர் கயிற்றை ஒருமுறை இழுக்கிறார். என்ஜின் உடனே உறுமுகிறது. வாங்க வந்தவர் முகம் மலர்ந்துவிடுகிறது, அந்த நொடியிலேயே பேரமும் பாதி முடிந்துவிடுகிறது. பழைய ட்ராக் ஸ்னோ ப்ளோயர் வாங்குவோர் செய்யும் முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். தரையில் கிடக்கும் பனியை அள்ளித் தூர வீசும், சக்கரத்துக்குப் பதிலாக ட்ராக் எனும் ரப்பர் பட்டையில் ஊர்ந்து போகும் இந்த இயந்திரங்களில், கெட்டுப்போனாலும் சுலபமாகச் சரிசெய்யக்கூடிய பகுதி என்ஜின்தான். செலவு வைப்பவை எல்லாம் கீழே இருக்கின்றன: ட்ராக், அதை ஓட்டும் டிரான்ஸ்மிஷன், பனியை அள்ளும் முன்வாயில் துருவோடு ஒட்டிப்போன தண்டு. நின்றபடி பார்த்தால் இவை கண்ணில் படாது. மண்டியிட வேண்டும்.

என்ஜினைப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. நீங்கள் போவதற்கு முன்பே அதை ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருக்கிறார்களா என்று தொட்டுப் பாருங்கள். குளிர்ந்த என்ஜின் கிளம்புவதுதான் உண்மையான சோதனை. சோக்கை முழுதும் தள்ளிய பிறகும் சீராக ஓட வேண்டும். சோக் பாதி இழுத்திருந்தால்தான் ஓடுகிறது, இல்லாவிட்டால் ஏறி இறங்கி மூச்சு வாங்குகிறது என்றால், கார்புரேட்டரின் ஜெட்டில், அதாவது எரிபொருள் போகும் நுண்ணிய துளையில், பழைய பெட்ரோல் பிசினாகப் படிந்திருக்க வாய்ப்பு அதிகம். அது ஒரு மாலை வேலை. அதற்காக நல்ல இயந்திரத்தை விட்டுவிட வேண்டாம், விலையைக் குறைத்துக் கேட்டால் போதும்.

அதே ஜெட்டைச் சுத்தம் செய்வதில் பலர் ஒரு தவறு செய்கிறார்கள். அடைப்பை எடுக்க ஊசியையோ எஃகுக் கம்பியையோ உள்ளே விட்டுக் குடைகிறார்கள். துளை தலைமுடி அளவு பெரிதானாலும் எரிபொருள் கூடிப்போய் என்ஜின் கரும்புகை கக்கும். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவையுங்கள், காற்றடியுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மின்கம்பிக்குள் இருக்கும் மெல்லிய செம்பு இழை ஒன்றை மட்டும் எடுத்து மெதுவாக விட்டுப் பாருங்கள்.

ஒட்டிப்போன ஆகர்

எனக்கு அதிகம் பாடம் கற்றுக்கொடுத்தது முன்வாய்தான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்த இயந்திரங்களில் பெரும்பாலானவை இரண்டு கட்டமாக வேலை செய்பவை. முன்னால் மெதுவாகச் சுழலும் திருகுத் தகடு, அதாவது ஆகர், பனியை நடுவில் சேர்க்கும். அதன் பின்னால் வேகமாகச் சுழலும் இம்பெல்லர் அதை வாங்கிக் குழாய் வழியே தூர வீசும். நடுவில் சிறிய கியர்பாக்ஸ் ஒன்று உண்டு, அதற்குள்ளிருக்கும் பற்சக்கரம் பல இயந்திரங்களில் வெண்கலத்தால் ஆனது. கல்லோ, பனியில் புதைந்த செய்தித்தாள் கட்டோ சிக்கினால் அந்தப் பற்கள் நொறுங்காமல் காப்பாற்றுவதற்காகவே ஆகரையும் தண்டையும் இணைக்கும் இடத்தில் ஷியர் போல்ட் போட்டிருக்கிறார்கள். அந்தச் சின்ன போல்ட் உடைந்து கொடுக்கும், கியர்பாக்ஸ் பிழைக்கும்.

இரண்டு வகையில் இந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. போல்ட் அடிக்கடி உடைகிறதே என்று தலையில் 10.9 என்று பொறித்த வலுவான போல்ட்டை யாராவது மாட்டியிருப்பார்கள். அது உடையாது, பதிலாகக் கியர்பாக்ஸ் உடையும். பார்க்கப் போகும்போது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி போல்ட்தானா, அந்த மாடலுக்குரியதுதானா என்று கவனியுங்கள். கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வகை, ஆகரின் குழாயும் உள்தண்டும் துருவால் ஒன்றாகப் பிடித்துக்கொள்வது. அப்போது போல்ட் சரியானதாக இருந்தும் பயனில்லை. துருவே பூட்டாகிவிட்டதால் அடி நேராகப் பற்சக்கரத்துக்குப் போகும்.

இதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். என்ஜினை நிறுத்துங்கள், ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றுங்கள், இரண்டு பக்க ஷியர் போல்ட்டையும் எடுத்துவிட்டு ஆகரைக் கையால் சுற்றுங்கள். தண்டு அசையாமல் ஆகர் மட்டும் தளர்வாகச் சுற்ற வேண்டும். சுற்றவில்லையா, ஒட்டிப்போய்விட்டது. நான் வாங்கிய முதல் இயந்திரத்தில் இந்தச் சோதனையைச் செய்யவில்லை. 'போல்ட் ஒருமுறைகூட உடைந்ததில்லை' என்று விற்றவர் பெருமையாகச் சொன்னார், நானும் அதை நல்ல செய்தி என்றே எடுத்துக்கொண்டேன். இரண்டாவது பனியிலேயே ஒரு கல் சிக்கி, கியர்பாக்ஸின் பற்கள் போய்விட்டன. அந்தப் பழுதுக்கு ஆன பணத்தில் இன்னொரு பழைய இயந்திரமே வாங்கியிருக்கலாம்.

ஒட்டிப்போனது மீட்க முடியாததல்ல, பொறுமை வேண்டும். துருவில் ஊடுருவும் எண்ணெயைப் போல்ட் துளை வழியாகவும் ஓரங்களிலும் நாள்தோறும் விட்டு, ஒரு வாரம் ஊறவிடுங்கள். அப்புறம் வெளிக்குழாயை டார்ச்சால் சூடாக்கி, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் திருகிக் கொடுங்கள். சூடாக்கும் முன் பெட்ரோலை முழுதும் வடித்துவிடுங்கள், வழிந்த எண்ணெயைத் துடைத்துவிடுங்கள், வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள். சுத்தியலால் ஆகரின் தகட்டில் ஓங்கி அடிப்பவர்கள் தகட்டை வளைத்து, கியர்பாக்ஸ் பேரிங்கையும் சேர்த்துக் கெடுக்கிறார்கள். கழன்று வந்ததும் தண்டைத் தேய்த்துச் சுத்தம் செய்து, தாராளமாக கிரீஸ் பூசி மாட்டுங்கள். கிரீஸ் நிப்பிள் இருந்தால் ஒவ்வொரு பருவத்திலும் போல்ட்டைக் கழற்றி, ஆகரைச் சுற்றிக்கொண்டே கிரீஸ் ஏற்றுங்கள். சுற்றாமல் ஏற்றினால் ஒரே இடத்தில் தேங்கி நிற்கும்.

ட்ராக்கும் அதை ஓட்டுவதும்

ரப்பர் ட்ராக்கின் வெளிப்புறத்தை மட்டும் பார்த்து 'பள்ளங்கள் இன்னும் இருக்கின்றன, நல்லதுதான்' என்று முடிவுசெய்கிறார்கள். உள்பக்கம்தான் முக்கியம். ஓட்டும் பற்சக்கரம் கடிப்பது உள்முகத்தில். அங்கே மேடுகள் தேய்ந்திருந்தாலோ, வெடிப்பினூடே உள்நூல் தெரிந்தாலோ ட்ராக்கின் ஆயுள் முடிந்தது என்று கொள்ளுங்கள். இவை விலை கூடிய உதிரிபாகங்கள், இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும். ஆகவே பணம் கொடுப்பதற்கு முன்பே மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த ட்ராக் இன்னும் கிடைக்கிறதா என்று உதிரிபாகக் கடையில் கேட்டுவிடுங்கள். உதிரிபாகம் கிடைக்காத இயந்திரம் எவ்வளவு மலிவானாலும் வாங்க வேண்டாம் என்பேன்.

மாடல் எண்ணைப் படிக்கத் தெரிந்தாலே சில விஷயம் புரியும். ஹோண்டாவின் பழைய எச்எஸ் 928-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 9 குதிரைத்திறன், 28 அங்குல அகலம். எண்ணைத் தொடர்ந்து டி வந்தால் ட்ராக், டபிள்யூ வந்தால் சக்கரம். இந்தப் பழைய வரிசையில் ஒரு பக்க ட்ராக்கை மட்டும் விடுவித்துத் திரும்பும் வசதி கிடையாது. பின்னால் வந்த எச்எஸ்எஸ் வரிசையில் கைப்பிடியிலேயே அதற்கான விசை உண்டு. ட்ராக் பிடிப்பாக ஊர்ந்து ஏறும், ஆனால் சக்கரம்போலச் சட்டென்று திரும்பாது. குறுகிய, வளைவுகள் நிறைந்த பாதை வைத்திருப்பவர் ஒருமுறை திருப்பிப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

டிரான்ஸ்மிஷன் இரண்டு வகை. உராய்வுத் தட்டு வகையில் ரப்பர் வளையம் தேய்ந்தாலோ எண்ணெய் பட்டாலோ வழுக்கும், அதை மாற்றுவது சுலபம். ஹைட்ரோஸ்டேட்டிக் வகையில் எண்ணெய் அழுத்தத்தால் ஓடும் பம்பும் மோட்டாரும் இருக்கின்றன. இதை இரண்டு நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தி அடைவது தவறு. தேய்ந்த பம்ப் குளிரில் நன்றாகவே இழுக்கும். எண்ணெய் சூடாகி இளகியதும் உள்ளேயே கசிந்து பலம் குன்றும். கால் மணி நேரம் முன்னும் பின்னும் ஓட்டிவிட்டு, அப்புறம் ஒரு சரிவில் ஏற்றுங்கள். தயங்கி நின்றால் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவரும்போது நடக்கும் விபத்து ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ட்ராக் இயந்திரங்களில் 100 கிலோவைத் தாண்டுபவை நிறைய. ஹைட்ரோஸ்டேட்டிக் வகையைக் கையால் தள்ள, டிரான்ஸ்மிஷனை விடுவிக்கும் நெம்புகோல் ஒன்று இருக்கும். வண்டியில் ஏற்றும் சாய்பலகையில் வைத்து அதை இழுத்தால் பிடிமானம் எதுவுமின்றி இயந்திரம் உங்கள் மேல் உருண்டு வரும். சாய்பலகையில் அதன் சொந்த ஓட்டத்திலேயே, மிகக் குறைந்த வேகத்தில், நேராக ஏற்றுங்கள். நடுவில் திருப்ப வேண்டாம்.

ட்ராக்கை இறுக்குவதிலும் மிகை செய்கிறார்கள். தளர்ந்தால் பற்சக்கரத்தில் தாவும், உண்மைதான். ஆனால் விறைப்பாக இழுத்துக் கட்டினால் பேரிங்கும் டிரான்ஸ்மிஷனும் வீணாகச் சுமக்கும். நடுவில் அழுத்தினால் எவ்வளவு தாழ வேண்டும் என்று கையேட்டில் அளவு இருக்கும். இரண்டு பக்கமும் அதே அளவில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இயந்திரம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போகும்.

சிறியவை, ஆனாலும்

முன்வாயின் அடியில் இருக்கும் சுரண்டு தகட்டையும் ஓரச் சறுக்குகளையும் பாருங்கள். இவை தேயத்தான் செய்யும், மாற்றிக்கொள்ளலாம். மாற்றாமலே ஓட்டியிருந்தால் முன்வாயின் இரும்பே தேய்ந்திருக்கும், அதற்கு வெல்டிங்தான் வழி. ஆகர் கைப்பிடியை விட்டதும் சுழற்சி உடனே நிற்கிறதா என்றும் பாருங்கள். நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் அதை ஓட்டிப் பார்க்கவே வேண்டாம், முதலில் பெல்ட்டையும் பிரேக்கையும் சரிசெய்ய வேண்டும். பெல்ட்டைப் பொறுத்தவரை, நீளம் ஒன்றுதானே என்று சாதாரண பெல்ட்டை மாட்டினால் கிளட்ச் உராய்வு தாங்காமல் சீக்கிரம் எரியும்.

குழாயில் பனி அடைத்தால் கையை விடாதீர்கள். என்ஜின் நின்ற பிறகும் பெல்ட்டில் இழுவிசை தங்கியிருக்கும், அடைப்பு நீங்கிய கணத்தில் இம்பெல்லர் சுழன்று விரலை எடுத்துவிடும். கட்டையால்தான் குத்தி எடுக்க வேண்டும். பழுதுபார்த்த உற்சாகத்தில் மூடிய கொட்டகைக்குள் என்ஜினை ஓடவிடுவதும் அதே அளவு ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை.

கடைசியாக, நிறுத்திவைக்கும் முறை. வேலை முடிந்ததும் ஈரத்தோடு அப்படியே விட்டுவிட்டால் ட்ராக்குக்குள் அப்பிய பனி இரவில் உறைந்து கல்லாகிவிடும், ட்ராக் தரையோடும் ஒட்டிக்கொள்ளும். காலையில் அவசரமாகக் கியரைப் போட்டு இழுத்தால் எது முதலில் உடையும் என்று சொல்ல முடியாது. ஓரிரு நிமிடம் வெறுமனே ஓட்டிப் பனியை உதறுங்கள், இடுக்குகளை பிரஷ்ஷால் துடையுங்கள், ட்ராக்குக்கு அடியில் பலகை போட்டு நிறுத்துங்கள். அதையும் மீறி உறைந்துவிட்டால் வெதுவெதுப்பான இடத்தில் வைத்து உருகவிட்ட பிறகே கியரைத் தொடுங்கள்.