வெயில் தடிப்பை விரலால் கண்டறிதல்

பல ஆண்டுகள் வெயில் பட்ட தோலில், குறிப்பாக வழுக்கைத் தலை, நெற்றி, காதுமடல், புறங்கை, கீழுதடு ஆகிய இடங்களில், சொரசொரப்பான சிறு தடிப்புகள் தோன்றுவதுண்டு. ஆக்டினிக் கெரட்டோசிஸ் எனப்படும் இவை புற்றுநோய் அல்ல. எனினும் இவற்றுள் சில, கவனிக்காமல் விட்டால், ஸ்குவாமஸ் செல் வகைத் தோல் புற்றாக மாறக்கூடும். கருத்த தோலில் இவை குறைவு என்பது உண்மையே. ஆனால் நண்பகலில் வெயிலின் புற ஊதாக் கதிர் வலிமையைக் காட்டும் குறியீடு, மிகக் கடுமையான 11ஐத் தொடும் நாள்கள் சிங்கப்பூரில் உண்டு. ஆகவே மாநிறத்தவரும், வெளிவேலையிலேயே காலம் கழித்தவரும், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்று நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்பவரும் அசட்டையாக இருப்பதற்கில்லை.

இத்தடிப்பு கண்ணுக்கு முன் விரலுக்குத்தான் தெரியும். குளித்தபின் ஈரத்தை ஒற்றிவிட்டு விரல் நுனியால் மெல்லத் தடவினால், உப்புத்தாளைத் தொட்டாற்போல் ஓரிடம் உரசும். செதிலை உரித்தாலும் சில நாள்களில் அதே இடத்தில் மீண்டும் படியும். மங்கு இப்படி உரசாது. உச்சந்தலையை நாமே பார்க்க முடியாதாகையால், முடிதிருத்துபவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது. மரு என்று எண்ணிச் சுண்ணாம்பு வைப்பதை மட்டும் அறவே தவிர்க்க வேண்டும்.

பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) காட்டினால், தேவைப்படுவோரைத் தோல் நிபுணரிடம் அனுப்புவார்கள். தடிப்பு திடீரெனப் பருத்தாலோ, வலித்தாலோ, இரத்தம் கசிந்தாலோ, சிறு துண்டெடுத்துச் சோதிப்பார்கள்.

ஓரிரண்டே இருந்தால், மைனஸ் 196 பாகை செல்சியஸ் குளிருள்ள திரவ நைட்ரஜனைத் தெளித்து உறையவைப்பது வழக்கம். சில நொடி வேலைதான்; ஆனால் கருத்த தோலில் அது வெள்ளைத் தழும்பை விட்டுச் செல்லக்கூடும் என்பதால், முகத்தில் செய்வதற்கு முன் அதைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். பல தடிப்புகள் நெருங்கியிருந்தால், ஃபுளூரோயுராசில் களிம்பைச் சில வாரங்கள் பூசச் சொல்வார்கள். பூசிய இடம் சிவந்து, எரிந்து, பொருக்குத் தட்டும். ஒவ்வாமை என்று பயந்து பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள், ஆனால் பெரும்பாலும் மருந்து வேலை செய்வதன் அடையாளமே அது. எரிச்சல் தாங்க முடியாவிட்டால் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யலாம். பூசியதும் கையைக் கழுவ வேண்டும். கருவுற்றிருப்போர் இதைப் பயன்படுத்தக் கூடாது.

ஆறியபின் தொப்பியும் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனும் அன்றாடம் தேவை. சிகிச்சை செய்த அதே இடத்தில் தடிப்பு மறுபடி வந்தால், மீதமிருக்கும் பழைய களிம்பை எடுத்துப் பூசாமல் மருத்துவரிடமே திரும்பச் செல்லுங்கள்.