கொக்கி இருந்தால் போதாது: டிரெய்லர் இழுக்க பிக்கப் வாங்குபவர்கள் செய்யும் தவறுகள்

"கம்பெனி ஹிட்ச் சார், எதை மாட்டினாலும் இழுக்கும்." பழைய பிக்கப் விற்பவர் இப்படிச் சொன்னால் உடனே அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு ரேஸ் கார் ஏற்றிப் போகிறவர்கள், ஈசிஆரில் படகு வைத்திருப்பவர்கள், ஃபுட் டிரெய்லர் போட நினைப்பவர்கள் என்று சென்னையில் இப்படிப்பட்ட வண்டியைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் எல்லோரும் பார்ப்பது ஹிட்ச் என்கிற, டிரெய்லரை மாட்டப் பின்னால் தொங்கும் அந்த ஒரு இரும்பைத்தான்.

டோயிங்குக்கு, அதாவது டிரெய்லர் இழுக்க, தயாராகவே ஃபேக்டரியிலிருந்து வெளிவரும் வண்டியில் ஹிட்ச் என்பது ஒரு பாகம் மட்டுமே. டிரெய்லர் விளக்குகளுக்குத் தனி ஒயரிங், கூடுதல் பாரத்தைத் தாங்கும் கூலிங், பாரம் இழுக்க ஏற்ற பின் ஆக்ஸில் ரேஷியோ (பின் அச்சின் பல்சக்கர விகிதம்), சில மாடல்களில் டிரெய்லர் பக்கவாட்டில் ஆட ஆரம்பித்தால் தானாகவே பிரேக் பிடித்து அடக்கும் வசதி, இத்தனையும் சேர்ந்ததுதான் அந்த ஏற்பாடு. இதில் கண்ணுக்குத் தெரிவது ஹிட்ச் மட்டும், ஏமாறுவதும் அங்கேதான்.

முதலில் ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பம்பருக்குக் கீழே இருக்கும் வளையம் ரிப்பேராகி நின்ற வண்டியைக் கட்டி இழுக்கவும், மணலிலும் சேற்றிலும் மாட்டினால் வெளியே எடுக்கவும் கொடுக்கப்பட்டது. டிரெய்லரை அதில் கோக்கவே கூடாது. பம்பரிலேயே ஓட்டை போட்டு, டிரெய்லரின் முனை வந்து அமரும் இரும்பு உருண்டையைத் திருகியிருந்தால் அதையும் நம்ப வேண்டாம். பம்பரின் தாங்குதிறன் வேறு, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸின் தாங்குதிறன் வேறு.

அடுத்த தவறு, குனிந்து பார்க்காதது. போன் டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போங்கள். கம்பெனி ஹிட்ச் இருபுறமும் சேஸிஸ் ரெயிலில் ஏற்கெனவே இருக்கும் துளைகளில் போல்ட் செய்யப்பட்டிருக்கும். அதில் தயாரிப்பாளர் பெயர், பார்ட் நம்பர், எத்தனை கிலோ இழுக்கலாம், உருண்டையின் மேல் எத்தனை கிலோ அமரலாம் என்பதெல்லாம் பொறித்த தகடோ ஸ்டிக்கரோ இருக்கும். பட்டறையில் அடித்தது என்றால் வெல்டிங் வரி மேடும் பள்ளமுமாகத் தெரியும். அதன்மேல் பிரஷ்ஷால் பூசிய கறுப்பு பெயின்ட். ஓரத்தில் துரு கசிந்த கறை. சென்னையின் கடற்காற்றில் அந்தத் துரு வேகமாக வளரும். சேஸிஸில் புதிதாகத் துளை போட்டிருந்தாலோ, நேரடியாக வெல்டிங் வைத்திருந்தாலோ எவ்வளவு விலை குறைத்தாலும் அந்த வண்டியை விட்டுவிடுங்கள் என்பேன். சூடு பட்ட இடத்தில் சேஸிஸ் இரும்பின் பலம் குறையும், விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும்.

இரும்பைவிட உண்மையைச் சொல்வது ஒயர்தான். கம்பெனி ஒயரிங் என்றால் டிரெய்லர் சாக்கெட்டுக்குப் போகும் ஒயர், வண்டியின் மெயின் ஒயர் கட்டிலிருந்து (ஹார்னஸ்) முறையான பிளக் வழியாகப் பிரிந்து, நெளிவுக் குழாய்க்குள் கிளிப் போட்டு ஓடும். டெயில் லாம்ப்பைக் கழற்றிப் பாருங்கள். அங்கே ஒயரைச் சீவி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தால் அது வெளியே செய்த வேலை. இன்றைய வண்டிகளில் விளக்குகளைக் கட்டுப்படுத்துவது ஒரு கம்ப்யூட்டர் மாட்யூல். அதன் கணக்கில் இல்லாத மின்சாரத்தை டிரெய்லர் விளக்குகள் இழுத்தால், இண்டிகேட்டர் தாறுமாறாக அடிப்பதில் தொடங்கி ஃபியூஸ் போவது, மாட்யூலே போவது வரை நடக்கும். வெள்ளத்தில் நின்ற வண்டியா என்பதற்கும் அந்த சாக்கெட் சாட்சி: மூடியைத் திறந்தால் பின்களில் பச்சை பூத்திருக்கும். அது மழையாலும் வரலாம், ஆனால் 2015, 2023 டிசம்பர்களைப் பார்த்த ஊரில் இதைக் கேட்டுவிடுவது நல்லது.

ஃபியூஸ் பாக்ஸ் மூடியில் 'டிரெய்லர்' என்று எழுதியிருக்கிறதே என்று சிலர் வாதிடுவார்கள். ஒரே மூடியைப் பல நாடுகளுக்கும் போடுவது கம்பெனிகளின் வழக்கம். அந்த இடத்தில் ஃபியூஸும் ரிலேயும் உண்மையில் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். ஓனர் மேனுவலும் அப்படித்தான். டோயிங் பற்றி ஒரு அத்தியாயம் இருப்பதாலேயே உங்கள் வேரியன்ட்டில் அது உண்டு என்று ஆகாது. அந்த அத்தியாயத்தை முழுக்கப் படியுங்கள்; டிரெய்லர் இழுப்பதைப் பரிந்துரைக்கவில்லை என்று இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது.

யூடியூப் பார்த்துத் தப்புக்கணக்கு போடுவது இன்னொன்று. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் (ஜிஎம்) பிக்கப்களுக்கு, எந்தெந்த வசதிகளோடு வந்தன என்று சொல்லும் ஆப்ஷன் கோடுகள் உண்டு. 'இசட்82' இருந்தால் டிரெய்லர் பேக்கேஜ். இங்கே விற்கும் வண்டியில் அதைத் தேடிப் பயனில்லை. ஆஸ்திரேலியாவில் டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு டி-மேக்ஸ் வண்டிகளின் பல வேரியன்ட்டுகளுக்கு, பிரேக் உள்ள டிரெய்லர் என்றால் 3500 கிலோ வரை அனுமதி. அந்த டி-மேக்ஸ்களில் பெரும்பாலும் 3.0 லிட்டர் இன்ஜின். நம் பக்கத்து ஸ்ரீசிட்டியில் தயாராகும் இன்றைய டி-மேக்ஸ் வி-கிராஸில் இருப்பது 1.9 லிட்டர், 163 பிஎஸ். பெயர் ஒன்றாக இருப்பதால் எண்ணும் ஒன்றாகிவிடாது.

எடைக் கணக்கைத் தவறவிடுகிறவர்கள்தான் அதிகம். டிரெய்லர் எடையில் சுமார் 10 சதவீதம் உருண்டையின் மேல் அழுத்தும். அது பிக்கப்பின் சொந்த லோடில் சேரும். ஆர்சியில் மொத்த எடை 2700 கிலோ, வெறும் எடை 1900 என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏற்றக்கூடியது 800. காரோடு சேர்த்து டிரெய்லர் 1500 கிலோ என்றால் 150 அங்கேயே போய்விடும். மீதியில்தான் நான்கு ஆட்கள், டயர்கள், டூல் பாக்ஸ், பெட்ரோல் கேன். இதோடு டிரெய்லரில் தனி பிரேக் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பிரேக் இல்லாத டிரெய்லருக்கு 750 கிலோவோடு நிறுத்திவிடுகிறார்கள். கத்திப்பாரா பாலத்தின் இறக்கத்தில் பின்னால் இருந்து ஒன்றரை டன் தள்ளும்போது, முன்னால் பைக்கில் குழந்தையோடு போகிறவருக்கு இந்தக் கணக்கு உயிர்ப்பிரச்சினை.

ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் கியர் ஆயிலை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மே மாத வெயிலில், தாம்பரம் நெரிசலில் பாரம் இழுத்த வண்டியின் ஆயில் கருத்து, தீய்ந்த வாடை அடிக்கும்.

சட்டம் சுருக்கமானதுதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டிருக்கும் விவரங்களிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது; அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ வரலாம். டிரெய்லருக்கும் தனிப் பதிவு வேண்டும்.

கடைசி வார்த்தை ஷோரூமுடையது. 17 எழுத்து சேஸிஸ் நம்பரைக் கொடுத்து, இந்த வண்டி ஃபேக்டரியிலிருந்து எந்தெந்தப் பாகங்களோடு வந்தது என்று சர்வீஸ் அட்வைசரிடம் கேளுங்கள். வாய்ப்பேச்சாக வேண்டாம், மெயிலில் வாங்குங்கள். ஹிட்ச் பிறகு ஷோரூமிலேயே போட்டது என்றால் பார்ட் நம்பரோடு பில் இருக்கும். அந்த மெயிலும் பில்லும் கைக்கு வந்த பிறகு இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு நகல் அனுப்பிவிட்டு விலை பேசுங்கள்.