கிண்ணத்தைக் கண்டால் துள்ளி ஓடிய நாய்: என் அனுபவம்

தத்துக்குப் போகும்வரை என்னிடம் தற்காலிகமாக வளர வந்த பெண் நாய், கிண்ணத்தில் வைத்ததைச் சாப்பிடவே இல்லை. பசி இல்லாமல் இல்லை. ஓடி வருவாள், முகர்வாள், வாய் வைத்ததும் சட்டென்று பின்னால் துள்ளி மூலையில் போய் உட்காருவாள். கையில் கொடுத்தால் மிச்சம் வைக்க மாட்டாள்.

உணவை மாற்றினேன், லேசாகச் சூடாக்கினேன், பலனில்லை. கால்நடை மருத்துவர் பல், ஈறு, தொண்டை எல்லாம் பார்த்தார். ரத்தப் பரிசோதனையும் சரி. புது இடம், பழக நாளாகும் என்றார்கள். கையில் கொடுத்தால் சாப்பிடும் நாய்க்கு அந்த விளக்கம் எனக்குப் பொருந்தவில்லை.

குளிப்பாட்டக் கழுத்துப் பட்டையைக் கழற்றிய அன்று, ஈரத்தோடே போய்க் கிண்ணத்தைக் காலி செய்தாள். பட்டையை மாட்டினேன்; மறுபடி துள்ளல். பக்கத்தில் குனிந்து காதைக் கொடுத்தபோதுதான் பிடிபட்டது: பட்டையில் தொங்கும் பெயர் வில்லை, ஸ்டீல் விளிம்பில் 'டிங்' என்று இடிக்கிறது. நமக்கு அது ஒரு சத்தமே இல்லை. ஆனால் கீச்சென்ற உயர் ஒலிகளைக் கேட்பதில், மனிதக் காதுக்குச் சுமார் 20,000 ஹெர்ட்ஸ்தான் (நொடிக்கு அத்தனை அதிர்வு) எல்லை. நாய்க்கு 45,000 வரை எட்டும்.

வில்லையை எடுத்துவிட மனமில்லை. புது இடத்தில் ஓடிப்போனால் அதுதானே முகவரி! அதனால் அதைச் சுற்றி ரப்பர் உறை போட்டு, உணவைத் தட்டையான சிலிகான் விரிப்பில் வைத்தேன். அன்றிரவே நின்று நிதானமாகச் சாப்பிட்டாள். அப்பாடா!

தத்தெடுத்த குடும்பத்துக்கு விரிப்பையும் சேர்த்தே கொடுத்தனுப்பினேன். பட்டையை மாற்றினால் வில்லைக்கு உறை போடச் சொல்லி ஒரு சீட்டும் வைத்தேன்.