பதினொரு பட்டன் மவுஸ் வாங்கியாச்சு, அப்புறம்?

பகலில் கல்யாண ஆல்பம் டிசைன், ராத்திரி தம்பியோடு சிஎஸ் 2, அதாவது கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 என்கிற துப்பாக்கி ஆட்டம். இரண்டுக்கும் ஒரே மவுஸ்தான், லாஜிடெக் ஜி502 ஹீரோ. வாங்கிய அன்றைக்கே சாஃப்ட்வேரைத் திறந்து பதினொரு பட்டனுக்கும் பதினொரு வேலை கொடுத்துவிட்டேன். மறுநாள் காலையில் எது எதற்கு என்று ஞாபகம் இல்லாமல், பேப்பரில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பேப்பரைப் பார்த்துப் பார்த்து அழுத்துகிற நேரத்துக்குக் கீபோர்டிலேயே அழுத்தியிருக்கலாம். மூன்றாம் நாள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். அதனால், இப்படி ஒரு மவுஸை வாங்கிப் பெட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருப்பவரா நீங்கள், முதல் வாரம் பட்டன் பக்கமே போகாதீர்கள். அசைவை மட்டும் சரி செய்யுங்கள்.

அசைவு என்றால் முதலில் டிபிஐ. ஆல்பம் வேலை செய்கிறவர்களுக்கு டிபிஐ என்றதும் 12க்கு 36 அங்குல ஷீட்டும் பிரிண்டுக்கு வைக்கிற 300ம்தான் ஞாபகம் வரும், இது அது இல்லை. மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் அது கம்ப்யூட்டருக்கு எத்தனை எண்ணிக்கை அனுப்புகிறது என்பதுதான் இங்கே டிபிஐ. 800 என்று வைத்து, விண்டோஸில் பாயிண்டர் வேக ஸ்லைடரை நட்டநடுவில் விட்டால் ஓர் எண்ணிக்கைக்கு ஒரு பிக்சல் நகரும். 1920 பிக்சல் அகலத் திரையை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் கடக்க 2.4 அங்குலம், அதாவது ஆறு சென்டிமீட்டர் கை நகர்ந்தால் போதும். பெட்டியின் மேல் 25,600 டிபிஐ என்று பெரிதாகப் போட்டிருக்கும். அதை வைத்தால் மவுஸ் ஒரு மில்லிமீட்டர் அசைய, பாயிண்டர் ஆயிரம் பிக்சல் தாண்டும், தும்மினால் திரைக்கு வெளியே போய்விடும். அந்த எண் விளம்பரத்துக்கு. 800ல் ஆரம்பியுங்கள், கை நகர்த்தி வலித்தால் 1200, 1600 என்று ஏற்றிக்கொள்ளலாம்.

அடுத்து விண்டோஸில் ஒரு டிக்கை எடுக்க வேண்டும். செட்டிங்ஸில் மவுஸ் பக்கம் போய், அடிஷனல் மவுஸ் செட்டிங்ஸ், அதில் பாயிண்டர் ஆப்ஷன்ஸ், அங்கே 'என்ஹான்ஸ் பாயிண்டர் ப்ரிசிஷன்' என்று ஒன்று டிக் ஆகியிருக்கும். பெயரைப் பார்த்தால் ஏதோ நல்லது மாதிரிதான் இருக்கும். செய்வது என்னவென்றால், கை வேகமாகப் போனால் பாயிண்டரைக் கூடுதல் தூரம் தள்ளுவது, மெதுவாகப் போனால் குறைப்பது. அதே ஆறு சென்டிமீட்டர் ஒரு முறை திரை முழுக்கப் போகும், இன்னொரு முறை பாதியில் நிற்கும், அப்படியிருந்தால் கைக்கு எந்தப் பழக்கமும் வராது. எடுத்துவிடுங்கள். எடுத்த பிறகு இரண்டு நாள் எரிச்சலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். சிஎஸ் 2 மாதிரி ஆட்டங்கள் விண்டோஸைக் கேட்காமல் மவுஸிடமிருந்தே நேராக அசைவை வாங்கிக்கொள்வதால் ஆட்டத்தில் இதனால் மாற்றம் தெரியாது, டெஸ்க்டாப்பிலும் ஃபோட்டோஷாப்பிலும் தெரியும்.

மவுஸ் நகர்கிற தூரத்துக்கு ஆட்டத்தில் பார்வை எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதுதான் சென்சிடிவிட்டி, அதைப் பற்றி ஆளாளுக்கு ஒரு எண் சொல்வார்கள். ப்ரோ ஆட்டக்காரர் வைத்திருக்கிற எண்ணை அப்படியே எடுத்துப் போடாதீர்கள், அவர் மேஜை வேறு, உங்கள் மேஜை வேறு. ஒரு ஸ்கேல் எடுத்துக்கொள்ளுங்கள். 800 டிபிஐயில் சிஎஸ் சென்சிடிவிட்டி 1 என்றால் ஒரு முழுச் சுற்று திரும்ப மவுஸ் 52 சென்டிமீட்டர் போக வேண்டும். எங்கள் வீட்டில் இருப்பது அந்தப் பழைய கம்ப்யூட்டர் டேபிள், கீபோர்டுக்கு இழுக்கிற தட்டு வைத்தது. அதில் கீபோர்டு போக மவுஸுக்கு மிச்சம் ஒரு சாண். பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினால் முக்கால்வாசியில் மவுஸ் தட்டின் கட்டையில் இடிக்கும், அதற்குள் தலை போயிருக்கும். சென்சிடிவிட்டியை 2 ஆக்கினேன், முழுச் சுற்றுக்கு 26, பின்னால் திரும்ப 13 சென்டிமீட்டர். ஒரு சாணுக்குள் அடங்கிவிட்டது. உங்கள் இடத்தை அளந்து பாருங்கள், பின்னால் திரும்புகிற தூரம் அதற்குள் வருகிற மாதிரி எண்ணை வையுங்கள். வேலோரண்ட் என்கிற இன்னொரு துப்பாக்கி ஆட்டமும் ஆடுகிறவர்கள் சிஎஸ் எண்ணை 3.18ஆல் வகுத்துக்கொண்டால் அங்கேயும் அதே தூரம் வரும், என் 2 அங்கே 0.63. நம்பர் பேட் இல்லாத கீபோர்டு வாங்கினால் இன்னும் நாலு விரற்கடை இடம் கிடைக்கும்.

போலிங் ரேட் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம். 125 ஹெர்ட்ஸ் என்றால் 8 மில்லி செகண்டுக்கு ஒரு முறை மவுஸ் தகவல் அனுப்பும், 1000 என்றால் 1 மில்லி செகண்டுக்கு. 1000 வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். 4000, 8000 வரை போகிற மவுஸ்கள் இப்போது வந்திருக்கின்றன, அதற்கேற்ற ப்ராசஸரும் மானிட்டரும் இருப்பவர்கள் அதைப் பற்றிக் கவலைப்படட்டும். விளக்கு? அணைத்துவிட்டேன். உள்ளங்கைக்கு அடியில் எரிகிற விளக்கை யார் பார்ப்பது.

எடைக்கட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. ஜி502 ஹீரோ 121 கிராம், கூடவே 3.6 கிராம் கட்டிகள் ஐந்து வரும், அடியில் மூடியைத் திறந்து வேண்டியதைப் பொருத்திக்கொள்ளலாம். கனமாக இருந்தால் தரமாக இருக்கிறது என்கிற எண்ணத்தில் ஐந்தையும் போட்டேன். முகூர்த்த சீசனில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் வேலை செய்து, ஒரு வாரத்தில் மணிக்கட்டு வலி. கட்டிகள் இப்போது டிராயரில் கிடக்கின்றன. 60 கிராம் மவுஸ்கள் இருக்கிற காலத்தில் 121ஐயே கனம் என்பார்கள், மணிக்கட்டு ஏற்கெனவே தகராறு செய்கிறவர்கள் கடையில் இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இப்போது பட்டன்களுக்கு வரலாம். ஒரு நாள் வேலை செய்யும்போது கீபோர்டில் இடது கை எங்கே அடிக்கடி தாவுகிறது என்று கவனியுங்கள். எனக்கு முதலில் பட்டது ஃபோட்டோஷாப்போ ஆட்டமோ இல்லை, மொழி மாற்றுவதுதான். ஆல்பத்தில் பெண், மாப்பிள்ளை பெயர், முகூர்த்தத் தேதி எல்லாம் தமிழில் அடிக்க வேண்டும். தமிழ் கீபோர்டு போட்டபடியே இருந்தால் ஃபோட்டோஷாப்பின் ஷார்ட்கட் வேலை செய்யாது, பிரஷுக்கு பி அழுத்தினால் ஒன்றும் நடக்காது, எழுதும் பெட்டி திறந்திருந்தால் அங்கே ஒரு தமிழ் எழுத்து போய் விழும். ஆக, நாள் முழுக்க விண்டோஸ் கீயும் ஸ்பேஸும், விண்டோஸ் கீயும் ஸ்பேஸும். அதைத்தான் கட்டைவிரலின் முன்பக்க பட்டனுக்குக் கொடுத்தேன். ஒரு வாரம் அந்த ஒரு பட்டன் மட்டும். விரல் தானாகப் போக ஆரம்பித்த பிறகுதான் அடுத்தது.

அடுத்தது ஸ்க்ரோல் வீல். இந்த மவுஸில் வீலை இடப்பக்கமும் வலப்பக்கமும் சாய்க்கலாம். இடம் என்றால் பிரஷ் சிறியது, வலம் என்றால் பெரியது, அதாவது கீபோர்டில் இருக்கும் இரண்டு சதுர அடைப்புக்குறி கீகள். முகத்தில் பரு எடுக்கும்போது பிரஷ் அளவை நூறு முறை மாற்ற வேண்டியிருக்கும், இந்த ஒரு மாற்றத்துக்காகவே மவுஸுக்குக் கொடுத்த காசு சரியாகப் போய்விட்டது என்பேன். வீலுக்குப் பின்னால் ஒரு சின்ன பட்டனைத் தட்டினால் வீல் பற்களை விட்டுவிட்டு பம்பரம் மாதிரி சுற்றும். மூவாயிரம் போட்டோவில் இருநூறைப் பொறுக்கும்போது அது சொர்க்கம். ஆட்டத்துக்கு முன்னால் மறக்காமல் பல்லில் மாட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு தடவை தொட்டதற்குத் துப்பாக்கி, கத்தி, குண்டு என்று கையில் எல்லாம் மாறி மாறி வரும்.

கட்டைவிரலுக்குக் கொஞ்சம் முன்னால் தள்ளி இன்னொரு பட்டன் இருக்கிறது, அழுத்திப் பிடித்திருக்கும் வரை டிபிஐ குறையும். ஆட்டத்தில் தூரத்திலிருந்து குறி வைப்பவர்களுக்காக வைத்தது. நான் அதை 400க்கு வைத்து, பெண்ணின் தலையில் இருக்கும் மல்லிகைச் சரத்தைப் பின்னணியிலிருந்து பிரித்தெடுக்கப் பயன்படுத்துகிறேன். ஒவ்வொரு மொட்டின் ஓரத்திலும் பாயிண்டர் நிதானமாக வளைந்து போகும். ஆட்டத்தில் இதுவரை ஒரு முறைகூட அழுத்தியதில்லை.

எதைக் கொடுக்கக் கூடாது என்பதைக் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். கட்டைவிரலின் பின்பக்க பட்டனில் டெலிட் கீயை வைத்திருந்தேன். மவுஸைத் தூக்கி வைக்கும்போது கட்டைவிரல் எங்கே இறுக்கிப் பிடிக்கும்? அங்கேதான். ஒரு ஷீட்டில் உறவினர் படங்களைத் தனித்தனி லேயராக அடுக்கிக்கொண்டிருந்தபோது எப்போது அழுந்தியதோ, கவனிக்கவில்லை. ஆல்பம் பிரிண்ட் ஆகி, பைண்டிங் ஆகி, வீட்டுக்கும் போய்விட்டது. அன்று சாயங்காலம் ஸ்டுடியோ அண்ணன் போன் செய்து, "தம்பி, பொண்ணோட பெரியம்மா எங்கப்பா?" என்றார். சீர்வரிசைப் பக்கத்தில் அவர்கள் இருக்க வேண்டிய இடத்தில் பூ டிசைன் மட்டும் இருந்தது. அந்த ஷீட்டை மறுபடி அடித்த செலவு என் கணக்கில். டெலிட், சேவ் செய்யாமல் மூடுவது, என்டர் மூன்றையும் மவுஸில் வைக்காதீர்கள். அழுந்தினாலும் குடி முழுகாத கட்டளைகளை மட்டும் வையுங்கள். இப்போது அந்தப் பட்டனில் அன்டூ, கண்ட்ரோல் இசட், அது இருக்கிறது. தவறி அழுந்தினாலும் ஒரு படி பின்னால் போகும், அவ்வளவுதான்.

ஆட்டத்துக்குத் தனி ப்ரொஃபைல், அதாவது எந்தப் பட்டனுக்கு எது என்கிற தனித் தொகுப்பு, போடுங்கள். எனக்கு அதில் இரண்டே மாற்றம். கட்டைவிரல் முன்பட்டனில் பேசுவதற்கான மைக், பின்பட்டனில் ஃப்ளாஷ், எதிரியின் கண்ணைக் கூச வைக்கிற குண்டு. மைக்கைக் கீபோர்டிலிருந்து மவுஸுக்குக் கொண்டுவந்ததும் ஓடிக்கொண்டே பேச முடிகிறது, முன்பெல்லாம் பேச நின்றுதான் செத்தேன். எந்த ப்ரோகிராம் திறந்திருக்கிறதோ அதற்கேற்ப ப்ரொஃபைலை சாஃப்ட்வேரே மாற்றிக்கொள்ளும். ஆனால் மவுஸை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் செருகினால் அங்கே அந்த சாஃப்ட்வேர் இருக்காது. அதற்குத்தான் மவுஸுக்குள்ளேயே ஒரு நினைவகம், இதில் ஐந்து ப்ரொஃபைல் வரை நிற்கும். வீட்டில் ஒரு முறை உள்ளே சேமித்துவிட்டால் எங்கே செருகினாலும் பட்டன்கள் அப்படியே வரும். தானாக மாறுவது மட்டும் அங்கே நடக்காது, அதற்கு ஒரு பட்டனை ஒதுக்கி நாமேதான் மாற்ற வேண்டும்.

மேக்ரோ பற்றித் தம்பி தினமும் கேட்பான், ஒரு பட்டனில் நாலு கட்டளையைக் கோத்துவிடலாமே என்று. ஃபோட்டோஷாப்பில் தாராளமாகக் கோக்கலாம். ஆட்டத்தில் வேண்டாம். ஓர் அழுத்தத்தில் பல அசைவுகளைத் தானாகச் செய்கிற வேலையை சிஎஸ் 2வின் அதிகாரபூர்வ சர்வர்களில் 2024 ஆகஸ்ட் முதல் அதைத் தயாரிக்கும் வால்வ் கம்பெனி அனுமதிப்பதில்லை, பிடிபட்டால் ஆட்டத்திலிருந்து தூக்கிவிடும். துப்பாக்கி உதைப்பைத் தானாக இழுத்துச் சமாளிக்கும் மேக்ரோவும் அந்த ரகம்தான். பட்டனை மாற்றி வைத்துக்கொள்வதில் தப்பில்லை, ஆட்டத்தை மவுஸிடமே விடுவதுதான் தப்பு.

வியர்வைதான் நம் ஊரில் மவுஸுக்கு முதல் எதிரி. மே மாதத்தில் பத்து நாளில் பட்டன் இடுக்குகளில் கறுப்பாக ஒரு பசை சேரும், அடியில் இருக்கும் வழுக்கும் பட்டைகளிலும் சேரும், சேர்ந்ததும் மவுஸ் இழுக்கும். பழைய வேட்டித் துணியில் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைத் தொட்டுத் துடையுங்கள், இடுக்குக்குப் பல்குச்சி. பாயிண்டர் திடீரென்று துள்ளினால் சாஃப்ட்வேரை நோண்டுவதற்கு முன்னால் மவுஸைத் திருப்பி சென்சார் குழியைப் பாருங்கள், பத்துக்கு ஒன்பது முறை ஒரு முடிதான் இருக்கும்.

கடைசியாக டபுள் கிளிக் வியாதி. ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை அழுத்தியதாகப் பதிவாகும், ஃபைலை இழுத்துக்கொண்டு போகும்போது பாதியில் நழுவி வேறு ஃபோல்டரில் விழும். பட்டனுக்கு அடியில் இருக்கும் சின்ன ஸ்விட்ச்சின் உலோகத் தகடு தேய்ந்து, தொட்டதும் துடிப்பதால் வருவது. இதற்கு முன்னால் வைத்திருந்த மவுஸில் ஒன்றரை வருடத்தில் வந்தது, கம்பெனி பெயர் வேண்டாம், வாரண்டி இருந்தும் பில் தொலைந்துவிட்டதால் சர்வீஸ் சென்டரில் வாங்க மறுத்துவிட்டார்கள். அதனால் பில்லை அன்றே போனில் படம் எடுத்து வைத்துவிடுங்கள். சில மவுஸ்களின் சாஃப்ட்வேரில் டிபவுன்ஸ் நேரம் என்று ஒன்று இருக்கும், ஒரு அழுத்தத்துக்குப் பிறகு வரும் துடிப்பைக் கணக்கில் எடுக்காமல் விடுகிற நேரம், அதைச் சில மில்லி செகண்ட் கூட்டினால் கொஞ்ச நாள் ஓடும். வாரண்டி முடிந்திருந்தால் ஸ்விட்ச்சையே மாற்றலாம். மூன்று கால் உள்ள சின்ன ஸ்விட்ச், செல்போன் சர்வீஸ் கடையில் சால்டரிங் நன்றாக வருகிறவரிடம் கொடுத்தால் அரை மணி நேர வேலை. மவுஸைத் திறக்கும் ஸ்க்ரூ பெரும்பாலும் அடியில் இருக்கும் பட்டைகளுக்குள் ஒளிந்திருக்கும், பிய்த்தால் பட்டை வீணாகும் என்பதால் புதுப் பட்டையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். அப்படி மாற்றிய அந்தப் பழைய மவுஸ் இப்போது தம்பியிடம் இருக்கிறது. ஒரு அழுத்துக்கு இரண்டு குண்டு போனது, அதை ஏன் சரி செய்தாய் என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.