ஆஸ்திரேலிய மரங்களை நேசிப்பவர்கள் செய்துவிடும் தவறுகள்

ஆஸ்திரேலியாவில் அந்த மண்ணின் மரஞ்செடிகளை மட்டும் வளர்த்துக் காக்கிற தோட்டங்கள் உண்டு, ஆர்போரேட்டம் என்பார்கள். நியூ சவுத் வேல்ஸில் பரண்டாங் நீர்த்தேக்கத்தின் கரையில் 1964இல் தொடங்கியது ஒன்று. தெற்கு ஆஸ்திரேலியாவில் கரன்சி கிரீக் இன்னொன்று, அங்கே யூகலிப்டஸ் மட்டுமே 900 வகைக்கு மேல். இப்படி ஓர் இடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஆசையாக வீடு திரும்புகிறவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், கீழே கிடக்கும் காயைப் பொறுக்கி வந்து அபூர்வ இனம் என்று முளைக்கப் போடாதீர்கள். காட்டில் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி வளரும் இரண்டு யூகலிப்டஸ் இங்கே அடுத்தடுத்த வரிசையில் நிற்கும், தேனீயும் பறவையும் இரண்டின் மகரந்தத்தையும் கலந்துவிடும், முளைத்து வருவது பல நேரம் கலப்பினம். அழியும் இனத்தை மீட்க வேண்டுமானால் எந்தக் காட்டில், எந்த நாளில் எடுத்த விதை என்ற பதிவு வேண்டும். மரத்தடியில் இருக்கும் சின்னத் தகட்டிலுள்ள எண் அந்தப் பதிவுக்குத்தான் வழிகாட்டுகிறது. அதனால் போட்டோ எடுக்கத் தகட்டைப் பிடுங்கி நகர்த்தவே கூடாது, எண் தொலைந்தால் ஆராய்ச்சிக்கு அந்த மரம் பாதி தொலைந்த மாதிரி.

அடுத்தது உரம். பாங்க்சியா, கிரெவில்லியா, ஹேக்கியா என்ற ஆஸ்திரேலியச் செடிகள் எல்லாம் ஒரே குடும்பம், நம் தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக்கும் அதில்தான் சேரும். மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், மிகக் குறைந்த பழைய மண்ணில் பழகியவை இவை. மண்ணின் மேலாகவே பிரஷ் மாதிரி நெருக்கமாக வேர்க்கொத்து விட்டு, இருக்கிற கொஞ்சத்தையும் உறிஞ்சி எடுக்கும். அதில் போய் சூப்பர் பாஸ்பேட்டோ கோழி எருவோ கொட்டினால் பல இனங்களால் தாங்க முடியாது, இலை மஞ்சளாகி ஓரம் கருகும், உரம் போதவில்லை என்று நாம் இன்னும் போடுவோம், அப்புறம் செடி செத்தே போகும்!

ஆஸ்திரேலியச் செடிதானே, அந்த நாட்டில் எங்கே நட்டால் என்ன என்று நினைப்பதும் தவறு. கூட்டமுண்ட்ரா வாட்டில் என்ற அழகான மஞ்சள் பூ மரம் நியூ சவுத் வேல்ஸில் ஒரு சின்னப் பகுதிக்கே உரியது. தோட்டங்கள் வழியாகப் பரவி, அதே நாட்டின் மற்ற இடங்களில் களையாகிவிட்டது.

செருப்புச் சேற்றோடு உள்ளே போகாதீர்கள். பைட்டோப்தோரா என்ற வேரழுகல் நோய் சேற்றில் ஒட்டி வரும், வந்த மண்ணிலிருந்து அதை முழுக்க ஒழிப்பது ஏறக்குறைய முடியாத காரியம். நுழைவில் பிரஷும் மருந்துத் தண்ணீரும் வைத்திருந்தால் நின்று தேய்த்துவிட்டுப் போங்கள்.

சரி, கடைசியாக ஒன்று. பாங்க்சியாவில் காய்ந்து கறுத்த கூம்பைப் பார்த்ததும் வெட்டி எறியக் கை போகும். கிட்டே போய்ப் பாருங்கள், சிப்பி மாதிரி இறுக மூடிய வாய்கள் இருக்கும். பல இனங்களில் காட்டுத்தீயின் சூடு பட்டால்தான் அவை திறக்கும், அதுவரை விதை உள்ளேயே உயிரோடு இருக்கும்.