இறந்தவர் திரும்பி வரும் கதைகள்: எங்கே சறுக்குகிறோம்?

இறந்துபோன மனைவி, பழைய வீடு, திண்ணையில் ஒரு பெரியவர். இந்த மாதிரிக் கதைகள் எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதனாலேயே அவை வீணாகும்போது மனசு தாங்குவதில்லை. எழுதுகிறவர்கள் பேயைப் பற்றி யோசிக்கும் அளவுக்கு ஞாபகத்தைப் பற்றி யோசிப்பதில்லை என்பதுதான் என் வருத்தம். ஞாபகம்தானே அவளைக் கூட்டி வருகிறது, அப்படியென்றால் ஞாபகம் நடந்துகொள்கிற மாதிரிதான் அவளும் நடந்துகொள்ள வேண்டும்.

முதலில் வயது. 60 வயதில் இறந்த மனைவி 70 வயதுக் கணவரிடம் எந்த வயதில் வருகிறாள்? பலர் இதை முடிவு செய்யாமலே எழுதிவிடுகிறார்கள், இல்லையென்றால் அழகாக இருக்கட்டும் என்று 22 ஆக்கிவிடுகிறார்கள். வயதானவர்களிடம் பழசைக் கேட்டால் ஏறக்குறைய 10 வயதிலிருந்து 30 வயதுக்குள் நடந்தவைதான் அதிகம் வரும் என்று உளவியல் ஆய்வுகளே சொல்கின்றன, அதனால் அவள் இளம்பெண்ணாக வருவதில் தப்பில்லை. ஆனால் அப்படி வந்தவளுக்குத் தன் பிள்ளைகளைத் தெரியாது. சுவரில் மாலை போட்டிருக்கும் தன் படத்தையே பார்த்து, "யாருங்க இந்த அம்மா?" என்று கேட்பாள். அவர் என்ன பதில் சொல்வார்? அந்த இடத்தைத் தொடாமல் தாண்டிப் போய்விடாதீர்கள், கதையே அங்கேதான் இருக்கிறது.

அடுத்து, அரிக்கேன் விளக்கு, இன்லேண்ட் லெட்டர், அம்மிக்கல் என்று ஒரே பத்தியில் அடுக்குவது. ஒன்று போதும், அதோடு கொஞ்ச நேரம் இருங்கள். வால்வு ரேடியோவை எடுத்துக்கொள்வோம். குமிழைத் திருகியதும் பாட்டு வராது, உள்ளே வால்வு என்கிற கண்ணாடிக் குழாய்கள் சூடாக வேண்டும். முதலில் டயலில் மங்கலாக வெளிச்சம், பிறகு தூசி சூடாகிற வாசனை, மெல்ல ஒரு முனகல், அப்புறம்தான் குரல். அந்தக் காத்திருப்புக்குள் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட முடியும்.

வருஷக் கணக்கையும் ஒருமுறை சரிபாருங்கள். இந்தியாவில் தந்தி 2013 ஜூலையோடு நின்றுவிட்டது, 2015-இல் சாவுத் தந்தி வந்தால் வாசகர் கதையை விட்டு வெளியே போய்விடுவார். தனுஷ்கோடிக்கு 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு ரயில் போகவில்லை. 1970-இல் உங்கள் நாயகி அங்கே ரயிலில் வந்து இறங்கினால் அந்த ரயிலே இந்த உலகத்தைச் சேர்ந்ததில்லை, அதைத் தெரிந்தே எழுதினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

"அவங்க செத்துப் பத்து வருஷம் ஆச்சே" என்று பக்கத்து வீட்டுக்காரர் கடைசி வரியில் சொல்கிற முடிவு வேண்டாம். வாசகர் அதை இரண்டாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுகிறார். முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

இறந்தவரைத் தெய்வமாக்கிவிடுவதும் பெரிய தப்பு. என் பாட்டி, தாத்தா போய்ப் பல வருஷம் ஆன பிறகும், கேட்காமல் விற்றுவிட்ட அரை ஏக்கர் நிலத்துக்காக அவர் படத்தைத் திட்டிக்கொண்டேதான் தினமும் அதற்கு விளக்கேற்றுவாள். ஒருநாள்கூட விளக்கு ஏற்றாமல் இருந்ததில்லை, ஒருநாள்கூடத் திட்டாமலும் இருந்ததில்லை. இந்த மாதிரி தீராத சண்டை ஒன்றாவது இருந்தால்தான் அவர் திரும்பி வருவதற்கு ஒரு காரணம் இருக்கும்.

அப்புறம் சாவு. வெள்ளை ஒளி, காற்றில் மல்லிகை வாசனை என்று அதை மங்கலாக்கிவிடுகிறோம். சாவு வீட்டில் அதற்குப் பிறகு எத்தனை வேலை இருக்கிறது! காலையில் ரேஷன் கார்டிலிருந்து அவள் பெயரை நீக்க இறப்புச் சான்றிதழோடு வரிசையில் நின்றுவிட்டு வந்தவர், ராத்திரி பழக்கத்தில் இரண்டு பேருக்கு அரிசி அளந்துவிடுகிறார். அதிகமாக அளந்ததைத் திருப்பி அரிசிப் பானையில் கொட்டுகிறாரா, இல்லை உலையில் போட்டுவிடுகிறாரா என்று முதலில் முடிவு செய்யுங்கள். அவள் வருவதை அப்புறம் எழுதலாம்.